பதினேழாவது கேள்வி

பதினாறு கேள்வி வரைக்கும் வேலிச்காவுக்கு ஒரு தொல்லையும் இல்லை. சுவரில் ஈரம் ஏறுகிறதா, ஒரே அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், குடிதண்ணீர்க் குழாய்க்கு எவ்வளவு தூரம், குளிருக்கு விறகு இருக்கிறதா, போன மாதம் எத்தனை வேளை பட்டினி என்று கேட்டாள், எழுதினாள், அடுத்த வீட்டுக்கு நடந்தாள். பதினேழாவதுதான் அவள் உயிரை வாங்கியது. ஆபத்து என்றால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்?

முதல் வீட்டில் மிங்கா என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் மிங்கா. மூன்றாவது வீட்டுக் கிழவர், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல் பார்த்துவிட்டு, மிங்காவின் செல்போன் எண்ணை மனப்பாடமாக ஒப்பித்தார்.

வேலிச்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. பதினோரு வருஷமாக மஹல்லா என்கிற இந்த ஏழைக் குடியிருப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே நாயாய் ஓடுகிறவள் அவள். சுகாதாரத் தூதர் என்று கழுத்தில் அட்டை தொங்குகிறது. தடுப்பூசிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்த பிள்ளைகளை இழுத்துப் போனது யார்? நிறைமாதக்காரிகளோடு ஸ்லிவென் நகரத்துக்குப் போகிற பஸ்ஸில் இடிபட்டது யார்? மிங்கா என்ன பெரிதாகக் கிழித்துவிட்டாள்? ரொட்டிக் கடையில் வேலை செய்கிற ஒரு விதவை. வருகிறவர்களுக்கு ஒரு கிண்ணம் சூப் ஊற்றி, சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பாள். அவ்வளவுதான். வேலிச்காவும் கேட்பாள், ஆனால் கேட்டு முடிப்பதற்குள் திட்ட ஆரம்பித்துவிடுவாள். அதை அவளிடம் யார் சொல்வது?

இதில் அவள் பிழைப்பும் மாட்டிக்கொண்டிருந்தது. வரும் வருஷம் இதற்கும் பக்கத்து மஹல்லாவுக்கும் சேர்த்து ஒரே தூதர்தானாம். மக்கள் யாரை நம்புகிறார்கள் என்பதை இந்தத் தாள்களே சொல்லிவிடும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் கோலேவ் சொல்லியிருந்தார். ஒன்பதாவது வீட்டில் கை தானாகவே தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டது. உடனே வெட்கமாகிப்போய்த் தாள் கிழியும் அளவுக்கு அடித்தாள். மேலே மிங்கா என்று எழுதினாள்.

முப்பத்தோராவது வீடு, கடைசி வீடு, மிங்காவுடையது. முற்றத்தில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். வீங்கிய கால்களைக் கவிழ்த்த பெட்டியின்மேல் நீட்டியிருந்தாள்.

"வாடி, காபி போடட்டுமா?"

வேண்டாம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கேள்விகளை ஆரம்பித்தாள். சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம். விறகு இன்னும் வாங்கவில்லை. பிள்ளைகள் இருவரும் ஜெர்மனியில். பதினேழாவதுக்கு மிங்கா சிரித்தாள்.

"யாருமில்ல. சைபர் போடு."

வேலிச்கா நம்பவில்லை. தெருவே உன் பெயரைச் சொல்கிறது, உனக்கு ஆளில்லையா என்று கேட்டாள், கொஞ்சம் குத்தலாகவே.

"வர்றவங்க அவங்கவங்க கஷ்டத்தத் தூக்கிட்டு வர்றாங்க. நடுவுல என்னோடத எப்ப எடுக்கிறது? போன வாரம் நெஞ்ச அடைச்சிச்சு. கதவப் புடிச்சிக்கிட்டு நின்னேன். யாரையும் கூப்பிடத் தோணல." மிளகாயைத் திருப்பிப் போட்டாள். "உன் வேலைக்கு ஆபத்துன்னாங்க. உன் பேரையே எழுதிக்கோடி. எனக்கென்ன கொறஞ்சுடப் போவுது?"

முப்பத்தோரு வீட்டில் ஒரே ஒரு ஓட்டு. அதுவும் இவள் போடுகிற பிச்சை. வேலிச்காவுக்கு முகம் கொதித்தது. எழுதிவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் இந்தத் தாளில் ஒவ்வொரு கஷ்டத்துக்கும் புள்ளி உண்டு; கூப்பிட ஆளில்லை என்று பதிந்தால்தான் பத்துப் புள்ளி. புள்ளி கூடினால்தான் குளிர்காலத்தில் நர்ஸ் வீடு தேடி வருவாள், விறகு வரும். தன் பெயரை எழுதினால் மிங்கா பட்டியலிலேயே இருக்கமாட்டாள்.

சைபர் போட்டாள். பிரஷர் கருவியை எடுத்துக் கட்டினாள். நூற்றுத் தொண்ணூறு. "கோட்ட மாட்டு, எந்திரி," என்று அதட்டி, மிளகாயை அப்படியே விட்டுவிட்டு டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

மறுநாள் டாக்டர் புள்ளிகளைக் கூட்டினார். முதலில் உதவி போகவேண்டிய வீடுகளின் வரிசையில் முதல் பெயர் மிங்கா. இதிலும் அவளேதானா என்று வேலிச்காவுக்குச் சுருக்கென்றது, வெட்கங்கெட்டுத்தான்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "உன் பேர ஒருத்தர்கூடச் சொல்லலையேம்மா."

"ஒருத்தி சொன்னா டாக்டர். நான்தான் எழுதல."