ஒன்பதால் வகுபட்ட தொகை

இருபத்திரண்டு வயதுக்குள் நான் மூன்று வேலைகளை விட்டிருந்தேன்.

முதலாவது அப்பாவின் வேலை. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் அவர் கர்ணம். எந்த வயலில் என்ன பயிர், எவ்வளவு தீர்வை என்று எழுதி வைப்பது அவர் பிழைப்பு. தனக்குப் பிறகு நான்தான் என்று முடிவு செய்திருந்தார். ஆறு மாதம் அவர் பின்னால் வரப்பில் நடந்தேன். போன வருஷம் எழுதியதையே பெரும்பாலும் இந்த வருஷமும் எழுதினோம். அதே வாய்க்கால், அதே பெயர்கள், இன்னும் நாற்பது வருஷம் என்று ஒரு மத்தியானம் நினைத்தேன். உள்ளங்காலில் எறும்பு ஊறுவதுபோல் ஆகிவிட்டது. அடுத்த வாரமே பாளையங்கோட்டையில் ஒரு சர்க்கார் ஆபீசில் நகல் எடுக்கப் போனேன். அங்கே ஒரு வருஷம். பிறகு ஒரு பஞ்சு ஆலையில் எடை எழுதும் வேலை, எட்டு மாதம். மெட்ரிகுலேஷன் தேறியவன், கையெழுத்தும் அழகு. அதனால் கேட்ட இடத்தில் வேலை கிடைத்தது. இருக்கத்தான் முடியவில்லை. அப்பா இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை.

நான்காவதாகச் சேர்ந்தது திருநெல்வேலிப் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மண்டி. முதலாளி திசையன்விளைப் பக்கத்துக்காரர். தெற்கே செம்மணல் தேரிக்காட்டுப் பக்கத்திலிருந்து கருப்பட்டியும் நிலாவாரை இலையும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். நிலாவாரை, பேதி மருந்துக்காகத் தூத்துக்குடி வழியாகச் சீமைக்குக் கப்பலேறும். கருப்பட்டி உள்ளூரிலேயே விலை போகும். மூட்டை கட்டும் நாளில் அந்த இலைத்தூசி தொண்டையில் ஏறி எல்லோரும் இருமிக்கொண்டிருப்போம்.

தூத்துக்குடியில் இலை வாங்கும் கம்பெனிக்காரர்கள் இங்கிலீஷ் முறையில் கணக்குக் கேட்டார்கள். அதற்காகத்தான் என்னை எடுத்தார் முதலாளி. அங்கே ஏற்கெனவே ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். ஐம்பது வயது தாண்டியவர். பணப்பெட்டிச் சாவி எந்நேரமும் அவர் இடுப்பில் இருக்கும். பணம் வந்தால் வாங்கிப் பெட்டியில் போட்டு, தமிழ் இலக்கத்தில் ஒரு சிட்டை எழுதிக் கம்பியில் குத்துவார். அந்தச் சிட்டைகளைப் பார்த்து நான் இங்கிலீஷ் இலக்கத்தில் நாள்வழிப் புத்தகத்தில் பதிய வேண்டும்.

அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை. சேர்ந்த அன்றே, "பள்ளிக்கூடத்துல படிச்சதையெல்லாம் இங்கன கொண்டு வராதீரும்வே" என்றார். அதற்குப் பிறகு சிட்டைகளை என் பக்கம் தள்ளுவாரே தவிர, ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லமாட்டார். எனக்கும் அவரிடம் கேட்க மனம் வராது. ௰ என்றால் பத்து, ௱ என்றால் நூறு என்பது எனக்குத் தெரியாதா என்ற எண்ணம். கம்பியில் சிட்டை சேரும் வேகத்துக்கு ஈடாக எழுதித் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய்விடுவேன். ஸ்டேஷனில் தென்காசி வண்டி புறப்படுவதைப் பார்க்காவிட்டால் அன்றைக்கு எனக்கு ஓடாது.

பங்குனி கடைசியில் ஐந்தொகை எடுத்தோம். வருஷத்து வரவு செலவு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, கையில் இருக்க வேண்டிய ரொக்கத்தைப் பெட்டியோடு ஒப்பிடுவதுதான் ஐந்தொகை. சித்திரை முதல் தேதி புதுக்கணக்குப் போட வேண்டும். என் புத்தகத்தின்படி இருக்க வேண்டியதைவிடப் பெட்டியில் நானூற்றைம்பது ரூபாய் குறைந்தது.

முதலாளி பெட்டியைத் தரையில் கவிழ்த்து எண்ணச் சொன்னார். மூன்று தடவை எண்ணியும் அதே தொகைதான். நான் புத்தகத்தை மூன்று தடவை கூட்டினேன். கூட்டலில் பிசகில்லை. கணக்குப்பிள்ளை என்னருகே வந்து உட்கார்ந்தார்.

"வே, புத்தகத்தைச் சிட்டையோட ஒரு தடவை ஒத்துப் பாரும்."

"கூட்டல் சரியா இருக்கு அண்ணாச்சி" என்றேன்.

"கூட்டலைக் கேக்கலவே. பதிஞ்சதைப் பாரும்ங்கேன்."

நான் எழுந்து நின்றேன். ஒரு வருஷமாக என்னை மதிக்காத மனிதர் இப்போது என் கையெழுத்தைச் சந்தேகிக்கிறார் என்றுதான் பட்டது. முதலாளியும் இடம் கொடுக்கவில்லை. "சிட்டை எழுதினதும் நீரு, சாவியும் உம்ம இடுப்புல. இப்பச் சிட்டையைத் தூக்கிக்கிட்டு வந்து காட்டினா ஆச்சா?" என்றார்.

கணக்குப்பிள்ளை எழுந்தார். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். முடிச்சு இறுகியிருந்ததால் அவிழ்க்க வெகுநேரமானது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு மாதத்துக்குள் ஆற்றுப்பாசனத்தில் இருந்த தம் சிறு வயலை விற்று நானூற்றைம்பது ரூபாயையும் ஆள் மூலம் அனுப்பிவிட்டார். களக்காட்டில் மகளைக் கொடுத்த வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. எடுக்காதவன் எதற்குக் கொடுக்கிறான் என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சாவி என் இடுப்புக்கு வந்தது. சம்பளத்தில் ஐந்து ரூபாய் கூடியது.

அடுத்த வருஷமே மண்டியும் எனக்கு அலுத்துவிட்டது. சர்க்கார் நடத்தும் கணக்குப்பதிவுப் பரீட்சையில் தேறினால் பெரிய கம்பெனிகளில் இடம் கிடைக்கும் என்றார்கள். புத்தகம் வாங்கி, மத்தியான வேளையில் கருப்பட்டிச் சிப்பங்களின் மேல் உட்கார்ந்து படித்தேன். ஒரு நாள் இந்த வரி கண்ணில் பட்டது: கணக்கில் விழும் வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், ஏதோ ஓர் இலக்கம் இடம் மாறிப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கவும்.

நானூற்றைம்பதை ஒன்பதால் வகுத்தேன். ஐம்பது.

வேறு பக்கத்துக்குத் திருப்பினேன். படிக்க முடியவில்லை. எழுந்து ஆற்றங்கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். வகுபடுகிற தொகையெல்லாம் தவறான தொகை ஆகிவிடுமா என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சாயங்காலம் சரக்குக் கிட்டங்கியில் ஏணி போட்டு ஏறி, முந்தைய வருஷத்துச் சிட்டைக் கட்டுகளை இறக்கினேன். அன்று அவர் கேட்டதை ஒரு வருஷம் கழித்துச் செய்தேன். ஒவ்வொரு சிட்டையாக, ஒவ்வொரு வரியாக, நான்கு நாள்.

ஐப்பசி மாதத்துக் கட்டில் அது கிடைத்தது. ரொக்க விற்பனை, கருப்பட்டி, ௫௰௪. ஐம்பத்து நான்கு. மழை ஈரத்தில் மை கொஞ்சம் ஊறி, பத்தின் கால் பரவியிருந்தது. அவசரமாகப் பார்த்தால் நூறுபோல் இருக்கும். என் புத்தகத்தில் என் அழகான கையெழுத்தில் 504 என்று இருந்தது. ரொக்க விற்பனை என்பதால் யார் பெயரிலும் பற்று இல்லை. கேட்டு வரவும் ஆளில்லை. வராத நானூற்றைம்பது ரூபாயை வந்ததாக எழுதியவன் நான்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பேசாமல் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விடலாம் என்றும் தோன்றியது. அதில் நான் தேர்ந்தவன். மூன்றாம் நாள் காலை சிட்டையையும் புத்தகத்தையும் முதலாளி முன்னால் விரித்தேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "ஐந்நூறு ரூவாய்க்கு ரொக்கம் கொடுத்து நம்ம கடையில எவன் கருப்பட்டி வாங்குவான்? அன்னைக்கு இதை நாங்கூடப் பாக்கலியே."

"முதலாளி, அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கணும்."

"கொடுத்துரலாம். நாலு பேருக்குத் தெரியாம பைய கொடுத்துட்டு வாரும்."

"ஒரு வருஷ வட்டி?"

அவர் என்னை முறைத்தார். ஆனால் இருபத்தேழு ரூபாய் சேர்த்து எண்ணி வைத்தார்.

நாங்குநேரி வரைக்கும் மாட்டு வண்டி. அங்கே இறங்கி வேறு வண்டி பிடித்துக் களக்காடு. வழியெல்லாம் என்ன பேசுவது என்று மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டே போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் சம்பந்தி வீட்டு முற்றத்தில் வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நார் கிழிப்பதை நிறுத்தினார். வா என்று சொல்லவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சிட்டையைக் கொடுத்தேன். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இது பத்துதானவே?"

"ஆமா அண்ணாச்சி."

"தெளிவாத்தான எழுதியிருக்கேன்?"

"தெளிவாத்தான் இருக்கு."

பணமுடிப்பை நீட்டினேன். வாங்கவில்லை. வீட்டுக்குள் கையைக் காட்டினார். "எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீரு? நான் எடுக்கலங்கது எனக்குத் தெரியாதா? உள்ள எங்க சம்பந்தியம்மா இருக்காக. ஒரு வருஷமா நான் இந்த வீட்டுல சோறு திங்கேன். அவுக பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சேலையில முடிஞ்சுக்கிட்டுத்தான் ஆத்துக்குக் குளிக்கப் போறாக. அவுககிட்டச் சொல்லும். சத்தமாச் சொல்லும், தெருவுக்குக் கேக்கட்டும்."

அந்த அம்மாள் ஏற்கெனவே நிலைப்படியில் வந்து நின்றிருந்தாள். நான் சத்தமாகவே சொன்னேன். தப்பு என்னுடையது, அவர் ஒரு காசு தொடவில்லை, முதலாளி பணத்தை வட்டியோடு கொடுத்தனுப்பியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு ஓடிவிடலாம்போல் கால் பரபரத்தது. ஆனாலும் முழுக்கச் சொல்லி முடித்தேன்.

அந்த அம்மாள் படியிறங்கி வந்தாள். பிறகு என்னிடம், "ஒத்துப் பாக்கச் சொல்லி இவரு அன்னைக்கே சொன்னாராமே, நெசந்தானா?" என்று கேட்டாள்.

"நெசந்தாம்மா. நான்தான் பாக்கல."

"படிச்ச பிள்ளைக்கு அவ்வளவு என்ன அவசரம்?" என்றாள். அவள் உள்ளே திரும்பி மருமகளிடம், "உங்கப்பாவுக்கு இலை போடுட்டீ, மணி என்ன ஆகுது" என்றாள். கணக்குப்பிள்ளை அப்போதுதான் முடிப்பை வாங்கிக்கொண்டார். எண்ணினார். வட்டி சரியா என்று வாய்க்குள் கணக்குப் பார்த்தார். எனக்கு இலை போடச் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

முதலாளி செய்யத் தவறியதை அந்த அம்மாள் செய்தாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். சில மாதத்தில் களக்காட்டு வாழைத்தார் வியாபாரி ஒருவர் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பெட்டிச் சாவியைக் கொடுத்தார். இதை வண்டிக்காரர்கள் மூலம் கேள்விப்பட்டேன். அவர் என்னை மன்னித்தாரா என்பது தெரியாது. அப்படி ஒரு சொல் அவரிடமிருந்து வரவில்லை.

அன்று களக்காட்டிலிருந்து திரும்பி வந்ததும் மண்டியில் ஒரு சிக்கல் காத்திருந்தது. கொடுத்த நானூற்று எழுபத்தேழு ரூபாயைத் தர்மச் செலவு என்று எழுதச் சொன்னார் முதலாளி. சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. கடைசியில் இப்படி எழுதினேன்: சென்ற வருஷ ரொக்க விற்பனை ரூபாய் 54 என்பதை 504 என்று பதிந்தது என் பிழை, அதனால் கணக்குப்பிள்ளையிடம் வாங்கிய தொகை வட்டியுடன் திருப்பப்பட்டது. கீழே கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் முதலாளி அதைப் பார்த்துவிட்டார். "கம்பெனிக்காரன் பாக்குற புத்தகம்வே இது. என் மானம் போகுதுல்லா?"

"எம்பேரைத்தான் எழுதியிருக்கேன் முதலாளி."

அவர் போகச் சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. மாசக் கடைசியில் சாவியை வைத்துவிட்டு வந்தேன். அதுவரை விட்ட வேலைகளில் இந்த ஒன்றை மட்டும் அலுத்துப்போய் விட்டேன் என்று சொல்லமாட்டேன்.

ஐந்தாவது, தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸ். பரீட்சையில் இரண்டாம் தடவை தேறினேன். சீமையில் சண்டை வந்து கப்பல்கள் குறைந்தன. என்னோடு நான்கு குமாஸ்தாக்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பிறகு மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கூலிக் கணக்கு. அட்டைக்கடியும் குளிரும் இரண்டு வருஷத்தில் என்னை இறக்கிவிட்டன. அதற்கப்புறம்தான் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்யும் வேலை கிடைத்தது. இன்று நாங்குநேரி என்றால் நாளை களக்காடு, அடுத்த வாரம் அம்பாசமுத்திரம். எந்த ஊரிலும் ஐந்து நாளுக்கு மேல் இல்லை. கால் தரிக்காதவனுக்கு இப்படி ஒரு உத்தியோகம் இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அப்பாவுடன் சண்டையாவது இல்லாமல் போயிருக்கும்.

சங்கங்களில் பணம் குறைவதுண்டு. குறைந்ததும் கூட்டத்தில் யாராவது ஒருவர் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். நான் ரசீதுகளை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் செய்வேன். "எவ்வளவு நேரம் சார்?" என்று தலைவர் மூன்று தடவை கேட்பார். பாதிக்கு மேல் பதிவில்தான் தப்பு இருக்கும். மீதி நிஜமாகவே களவுதான்; அதையும் எழுதியிருக்கிறேன். எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும்.

இன்று காலை என் மனைவி டிரங்குப் பெட்டியில் வேட்டிகளை மடித்து வைத்துக்கொண்டே, "இந்தத் தடவையாவது பொங்கலுக்கு இருப்பீகளா?" என்று கேட்டாள். இருப்பதாகச் சொன்னேன். அவள் நம்பவில்லை. எனக்கும் தெரியாது. திசையன்விளைச் சங்கத்தில் பார்க்க வேண்டிய புத்தகங்கள் ஒன்பது. முதல் புத்தகம் முடிய எத்தனை நாளாகும் என்பதைப் போய்ப் பார்த்தால்தான் சொல்ல முடியும். வண்டிக்காரர் வாசலில் மாட்டைத் தட்டிக்கொடுத்தபடி நின்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.