நான் வயது போட்ட கல்

விளாத்திகுளத்தில் பழைய சந்தைக்குப் போகும் வழியில் ஒரு சுமைதாங்கிக் கல் நிற்கிறது. நட்ட இரண்டு கற்களின்மேல் குறுக்கே ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு வருபவர்கள் அடுத்தவர் உதவியில்லாமல் சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நாங்கள் பத்துப் பேர் எங்கள் பைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் அதன்மேல் அடுக்கினோம். எங்களோடு வந்த எடைக்கார அண்ணாச்சி மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பழைய சந்தை ஊர்களை நடந்தே சுற்றிப் பார்க்கும் ஒரு குழுவை அப்போது நடத்திவந்தேன். அண்ணாச்சி மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் முக்கால் ஆயுள் எடை போட்டவர். பருத்திப் பொதிகளை எந்தக் கிட்டங்கியில் அடுக்கினார்கள், குளத்தூர் உப்பு வண்டிகளை எங்கே அவிழ்த்துப் போட்டார்கள் என்று அவர்தான் அன்று காட்டிக்கொண்டு வந்தார். வத்தல் நெடியில் நாங்கள் வரிசையாகத் தும்மியபோது, “இப்பத்தான் சார் ஊருக்குள்ள வந்திருக்கிய. இவ்வளவு நேரமும் ரோட்டுலல்லா நின்னிய” என்று சிரித்தார்.

கல்லருகே நின்று நான் விளக்கம் சொன்னேன். சந்தைக்கு வந்த வணிகர்கள் சேர்ந்து நட்டது, இருநூறு ஆண்டுகளாவது இருக்கும் என்றேன். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். அடுத்த மாதமே குழுவின் சார்பில் அங்கே ஒரு தகரப் பலகையும் வைத்தோம்.

பலகை வைத்த அன்று அண்ணாச்சி என்னைத் தனியாக அழைத்தார். பத்துப் பேர் முன்னால் என்னை மறுத்துப் பேச அவருக்கு மனமில்லை.

“சார், இது எங்கம்மைக்கு எங்கய்யா நட்ட கல்லு. வயித்துப் பிள்ளையோட போயிட்டா. எனக்கு அப்பம் மூணு வயசு. இருவத்திரண்டு வயசுல போனவளுக்கு இருநூறு வயசு போட்டுட்டியளே.”

கர்ப்பிணியாக இறந்துபோகும் பெண்ணுக்குச் சுமைதாங்கி நடுவது இந்தப் பக்கத்து வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளின் பேரால் மற்றவர் சுமை இறங்கட்டும் என்பதற்காக. வகுப்பில் நானே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இருந்தும் அவரிடம், “கல்வெட்டு, பத்திரம், ஆதாரம் ஏதாவது இருக்கிறதா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“நான் இருக்கம்லா சார்” என்றார்.

அவர் சொன்னது உண்மை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். கல்லுக்கு அவ்வளவு வயது இல்லை என்பது அதன் உளித்தடத்திலேயே தெரிந்தது. ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ள வெட்கப்பட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்று நழுவினேன். பிறகு சந்தை ஊர்களைப் பற்றி நான் எழுதிய புத்தகத்திலும் அந்த இருநூறு ஆண்டை அப்படியே அச்சேற்றினேன். ஒரு படம்கூட இல்லாத தாயின் பிள்ளை அவர். அவளுக்கென்று உலகத்தில் இருந்தது அந்தக் கல் ஒன்றுதான். அதை அவரிடமிருந்து எடுத்து, பெயரில்லாத வணிகர்களுக்குக் கொடுத்துவிட்டேன். அதன்பின் வழியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர், “சாயா குடிக்கியளா சார்?” என்று முன்போலவே கேட்டார். கல்லைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன வருடம் அவர் இறந்துவிட்டார். துணிவு வர எனக்கு அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. பலகையைத் திருத்தி அந்தத் தாயின் பெயரை எழுத வேண்டும் என்று திருப்பூரில் இருக்கும் அவருடைய மகளிடம் தொலைபேசியில் சொல்லி, பெயரைக் கேட்டேன்.

“ஆச்சி பேரா? அப்பா எப்பவும் எங்கம்ம, எங்கம்மன்னுதான் சொல்லுவாவ. பேரு சொன்னதே இல்லயே சார். பழைய ஆளுகளும் யாரும் இல்ல.”

சென்ற வாரம் பெயின்டரை அழைத்துக்கொண்டு போனேன். முழங்கால் வலியால் பஸ் நிலையத்திலிருந்து மூன்று இடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் நடக்க முடிந்தது. பெயின்டர் பழைய எழுத்தின்மேல் வெள்ளையடித்துக் காயவிட்டு, “என்ன சார் எழுத?” என்றார்.

“எங்கம்ம.”

“எங்கள் அம்மான்னு போட்ருதேன் சார். இல்லன்னா படிக்கவன் தப்புன்னு சொல்லுவான்.”

“வேண்டாம் தம்பி” என்றேன். “அண்ணாச்சி அப்படித்தான் சொன்னார்.”