பேர் எழுதாத படங்கள்

வடகவுஞ்சியில் பூண்டு வெள்ளாமை செய்துவந்த பாண்டிச்செல்விக்குத் தை மாதம், ஊர் ஊராகப் போய் மார்பகப் பரிசோதனை செய்யும் ஓர் ஆராய்ச்சி வண்டியில் உதவியாளர் வேலை கிடைத்தது. வண்டிக்குள் ஓர் இயந்திரக் கை. அது ஸ்கேன் கருவியைப் பிடித்தபடி மார்பின்மேல் தானாக நகரும். ஒலி அலையால் உள்ளே கட்டி இருக்கிறதா என்று படம் எடுக்கும். டாக்டர் தொடவே வேண்டாம். ஆனாலும் பெண்கள் படியேறவில்லை.

“இரும்புக் கை. எசகுபிசகா அழுத்திருச்சுன்னா?” என்றாள் ஓரகத்தி சோலையம்மாள்.

“நான் மொதல்ல படுக்குறேன், பாருங்கக்கா. ஒங்க கொழுந்தனார விடப் பதனமாத்தான் தொடும்.”

சிரித்துக்கொண்டே வரிசை சேர்ந்துவிட்டது. அதன்பின் எந்த ஊரானாலும் அவள்தான் முதலில் படுத்தாள். மாதம் ஒரு முகாம். அவற்றில் மூன்று பாச்சலூரில்.

ஆவணியில் இடது மார்பின் ஓரம் கல்லாக ஏதோ தட்டுப்பட்டது. புருஷன் பழனிமுத்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டான்.

“மாசாமாசம் மிசின் பாக்குது. இருந்தாச் சொல்லியிருக்க மாட்டாங்களா?”

கட்டி தெரிந்தவர்களுக்கு ஒரே வாரத்தில் போன் வரும். அப்படி வந்த நான்கு பேரை அவளே பழனி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறாள். தனக்குப் போன் வராததையே அவள் நல்ல சேதியாக எடுத்துக்கொண்டாள்.

கார்த்திகையில் அக்குளும் வீங்கியபோதுதான் வண்டியின் என்ஜினீயர் சௌம்யாவிடம் சொன்னாள். சௌம்யாவுக்கு முகம் வெளுத்துப்போனது. அன்றன்றைய முதல் படம் கருவி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க மட்டுமே. அதில் பேர் எழுதுவதில்லை, டாக்டருக்கு அனுப்புவதுமில்லை. இதைப் பாண்டிச்செல்வியிடம் யாரும் சொன்னதில்லை.

பதினோரு படங்களையும் சௌம்யா திறந்து பார்த்தாள்.

“எத்தனாவதுல தெரியுது மேடம்?”

“நாலாவதுல, அக்கா. கடுகளவு.”

நாலாவது, சித்திரையில் எடுத்தது.

புற்றுநோய் எலும்புவரை போய்விட்டது, அறுத்துப் பயனில்லை என்று மதுரையில் சொல்லி அனுப்பினார்கள்.

மாசியில் சௌம்யா வீட்டுக்கு வந்தாள். ஒரே கட்டி மாதாமாதம் வளர்ந்த படங்கள் கிடைப்பது அரிது. அதைக் காட்டிப் பழக்கினால், கடுகளவிலேயே கண்டுபிடிக்கக் கருவி கற்றுக்கொள்ளும். அனுமதிக் கையெழுத்து வேண்டும்.

“சாகக் கெடக்கவகிட்டக் கேக்குற கேள்வியா இது? கெளம்புங்க” என்றான் பழனிமுத்து.

“இருங்க” என்றாள் பாண்டிச்செல்வி. “மேடம், இப்ப மொதல்ல யாரு படுக்குறா?”

“பாச்சலூர்ப் பொண்ணு ஒருத்தி.”

“அவ படம் டாக்டருக்குப் போகுதா?”

“போகுதுக்கா. இப்ப எல்லாமே போகுது.”

அவள் பேனாவுக்குக் கை நீட்டினாள். பழனிமுத்து எழுந்து வெளியே போனான். வைகாசியில் அவள் சாகும்வரை, அந்தக் கையெழுத்தைப் பற்றி அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.