சந்தோஷத்துக்குத்தான் வந்தேன்

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் வாங்க வருகிறவர்களைச் சபைக்கு முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். ஏன் வந்தாய் என்பதுதான் பெரிய கேள்வி. பதில் எல்லாருக்கும் தெரியும்: பாவ மன்னிப்புக்காக. சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் மாவு அரைத்துக்கொண்டே அதை மனப்பாடம் செய்வோம். என் கொழுந்தன் உருப்போட்ட வேகத்தில், எந்தச் சுரங்க ஷாப்டில் வேலை என்று உபதேசியார் கேட்டதற்கே, "பாவ மன்னிப்புக்காக ஐயா" என்று சொல்லிவிட்டான். கோயிலே குலுங்கிச் சிரித்தது. ஆனாலும் அவனுக்கு ஞானஸ்நானத் தண்ணீர் கிடைத்துவிட்டது.

அடுத்தது நான். சுரங்கத்துக்கு மேலே, வெளியில் கல் பொறுக்கும் வேலைக்காரி, வாய் சும்மா இருக்காது.

"நீ ஏம்மா வந்தே?"

"சந்தோஷத்துக்கு வந்தேங்க. இங்க வந்து பாடினா மனசு நெறஞ்சி போவுது."

உபதேசியார் கெட்டவர் அல்ல. "சந்தோஷம்னு வந்தவங்க கஷ்டம் வந்தா போயிடறாங்கம்மா. எத்தினி பேர பாத்துட்டேன். ஆண்டவருக்காக வரணும், உனக்காக வரக்கூடாது. யோசிச்சி வா" என்று திருப்பி அனுப்பினார். மேஸ்திரி வேலை கிடைக்கும் என்று சேர்ந்து, கிடைக்காததும் காணாமல் போனவர்கள் உண்டு. அவர் பயம் எனக்குப் புரிந்தது. அதற்காக நான் பொய் சொல்ல முடியுமா?

வீட்டுக்காரர் எனக்கு முன்னமே ஞானஸ்நானம் வாங்கியவர். வழியெல்லாம் முணுமுணுத்தார். "எல்லாரும் சொல்றத சொன்னா இன்னா, வாய் வெந்துடுமா?"

"சொல்ல மாட்டேன், போங்க."

அந்தத் தண்ணீர் எனக்கு வேண்டும். அப்படி ஓர் ஆசை. ஆனால் மனப்பாடத்தைக் கொடுத்து அதை வாங்க மனம் ஒப்பவில்லை.

சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனிப் பானையில் போடுவார்கள். நானும் போட்டு வந்தேன். ஞானஸ்நானம் இல்லாதவள் போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

அந்த மழைக்காலத்தில் பூமிக்கடியில் லெவலில் கல் சரிந்து வீட்டுக்காரரின் கால் நசுங்கியது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கேஜ் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கிப் பிழைப்பு நடத்திய மனிதர் பாயில் கிடந்தார். நான் அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் அரிசி நின்றது, கேழ்வரகுக் களிதான்.

பார்க்க வந்த உபதேசியார் அடுப்போரத்துக் கோயில் பானைக்குள் எட்டிப் பார்த்தார். பழைய அரிசியின் மேல் கேழ்வரகு மாவு கிடந்தது.

"இது இன்னாம்மா?"

"அரிசி இல்லீங்க. அதான் மாவுல ஒரு பிடி."

"இந்தக் கஷ்டத்துல உன்ன யாரும் கேக்கலியே. இப்பவும் சந்தோஷமா இருக்கியா?"

"இல்லீங்க. நெஞ்சே கல்லா கெடக்குது. ஆனா அந்த ஒரு பிடி போடாத அன்னிக்கி களி தொண்டையில எறங்கல. ஆண்டவருக்குன்னு போடறேன், என் மனசுக்காகவும்தான் போடறேன். சந்தோஷம் போயிடிச்சின்னு நான் எங்க போவேன்? அது அவர்கிட்டதான இருக்குது."

அவர் பானையை மெல்ல மூடி வைத்தார். பிறகு ஜெபம் செய்தார். போகும்போது, "ஞாயித்துக்கிழமை வாம்மா" என்றார்.

போனேன். கொழுந்தன் தன் அண்ணனை முதுகில் சுமந்து வந்து முன்வரிசைப் பாயில் உட்கார வைத்தான். உபதேசியார் அதே கேள்வியைக் கேட்டார். வேறு பதில் சொல்லச் சொல்லி அவர் கண்கூட ஜாடை காட்டவில்லை. எனக்கு இன்றைக்கும் அவர்மேல் அந்த மரியாதை உண்டு.

"சந்தோஷத்துக்குத்தாங்க" என்றேன். வார்த்தை மாறவில்லை.

அப்போது பாயிலிருந்து ஒரு குரல் மட்டும் கணீரென்று ஆமென் சொன்னது. திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர்.