நாலாம் ஓடையில் ஏற்றிய தண்ணீர்

என் அக்காவுக்கு ஊரார் வைத்த பெயர் அளவுகோல். நீர்த்தேக்கத்தில் விழும் நான்கு ஓடைகளிலும் அளவுப் பலகை நட்டிருக்கும். தினமும் அவற்றைப் பார்த்து, எதில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று எழுதுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடம் செய்தாள். ஒருமுறை ஒரு குடிகாரன் பலகையைப் பிடுங்கிவிட்டான். அதே பலகையால் அவன் மண்டையைப் பிளந்து, பலகையைத் திரும்ப நட்டு, மட்டம் பார்த்துவிட்டுத்தான் அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். அப்படிப்பட்ட ராட்சசி.

அவளுக்கு வாய்த்த புருஷன் இருக்கிறாரே, மகா யோக்கியர்! மூன்றாம் ஓடைக் கரையில் பன்றிப் பண்ணை வைத்திருந்தார். நான் நாலாம் ஓடைக் கரையில். பதினோரு மாடுகள். அதுதான் எங்கள் சோறு.

அந்த வருடம் நீர்த்தேக்கம் பச்சைப்பசேலென்று பாசி பிடித்து நாறியது. ஊர்க் குழாயிலும் அந்த நாற்றம்தான். சாணமும் கழிவும் எந்த ஓடை வழியாக அதிகம் வருகிறதோ, அந்தக் கரையில் கால்நடையே இருக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். தண்ணீரில் எவ்வளவு அழுக்கு என்று சோதனைக்கூடம் சொல்லும். எவ்வளவு தண்ணீர் என்று அக்கா சொல்வாள். இரண்டையும் பெருக்கினால் ஆள் மாட்டிக்கொள்வான்.

மாட்டியது நான். பதினைந்து நாளில் மாடுகளை அப்புறப்படுத்தச் சொல்லி நோட்டீஸ். முழங்கால்கூட நனையாத ஓடைக்கு நோட்டீஸா? செருப்புகூடப் போடாமல் அணைக்கரை அறைக்கு ஓடினேன். அக்கா தனியாக மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதித் தொலைச்ச?"

"உள்ளதத்தான்டா எழுதினேன்."

விட்டேன் ஒரு அறை. நாற்காலியோடு சரிந்தாள். முடியைப் பிடித்துத் தூக்கி இன்னொன்று விட்டேன். உதடு கிழிந்தது. திருப்பி அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் அடிக்கவில்லை. இடது கையை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். சட்டைக் கழுத்து விலகிய இடத்தில், தோளிலிருந்து முதுகுவரை பெல்ட் தடம். பக்கிள் பட்ட இடங்களில் சீழ்.

"யாரு? மச்சானா?"

"மூணாவது ஓடையில பாதிய குறைச்சு எழுதச் சொன்னாரு. மூணு நாள் முடியாதுன்னேன்டா. நாலாவது நாள் என் பொண்ணு கழுத்துல கைய வெச்சாரு."

"குறைச்சுட்டுப் போக வேண்டியதுதானே? ஏன் என் தலையில கட்டின?"

"குறைச்சா மிச்சத்த எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது? டேம் ஏறினது, ஊருக்குத் திறந்துவிட்டது, வெயில்ல போனதுன்னு எல்லாத்தையும் கூட்டி, மொத்தம் எவ்வளவு வந்துச்சுன்னு எஞ்சினியர் பார்த்துடுவாரு. நாலு ஓடையும் சேர்ந்து அதுக்குச் சரியா வரணும். ஒண்ணுல எடுத்தா இன்னொண்ணுல ஏத்தியே ஆகணும்."

"அதுக்கு என் ஓடைதான் கிடைச்சுதா?"

உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள். "மத்த கரைக்காரங்க வந்தா என்னைக் கொன்னே போட்டுடுவாங்க. நீன்னா கத்துவ, அடிக்க மாட்டன்னு நினைச்சேன்."

அறை மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனேன். மச்சானின் இரண்டு முழங்காலையும் உடைத்தேன். அவர் கத்தக் கத்த எனக்கு வெறி ஏறியது. பன்றிகள் மிரண்டு வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடின. ஆட்கள் வந்து என்னைக் கட்டிப்போட்டார்கள். பதினாலு மாதம் உள்ளே இருந்தேன்.

அன்று சாயங்காலமே அக்கா வீங்கிய முகத்தோடு எஞ்சினியரிடம் போய், உண்மையான அளவை எழுதிக்கொடுத்திருக்கிறாள். பண்ணையை மூடினார்கள். என் மாடுகள் தப்பின. பொய் எழுதியதற்காக அவள் வேலை போயிற்று.

வெளியே வந்ததும் அவளைத் தேடிப்போனேன். ஊர்க்கோடியில் ஒற்றை அறை. சலவைக்கடையில் வேலை. மகள் கட்டிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோரம் போய் நின்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தப்புதான்க்கா. இனிமே கைய ஓங்க மாட்டேன். வா, நம்ம வீட்டுக்குப் போலாம்."

அக்கா வாசலை விட்டு நகரவில்லை.

"உன் மச்சானும் இப்படித்தான்டா. அடிச்சுட்டு, அழுதுட்டே வந்து கூப்பிடுவாரு."