கலெக்டர் ஆபீஸ்ல மத்தியானச் சோறு

இஞ்ஞாசியக்காவ சாதுன்னு எங்க இல்லத்துல எவளும் சொல்ல மாட்டா. இருபத்தாறு வருஷமா அதுதான் சமையல். அரிசி மட்டமா வந்தா மூட்டையத் திருப்பி அனுப்பிட்டுத்தான் மறுவேலை. இல்லத்த நடத்துற மதர் கெஞ்சினாலும் கேக்காது.

நான் ரூபி, அங்க மாத்திரை குடுக்குறவ. பஸ் ஸ்டாண்டுலயும் கொடைரோடு ஸ்டேஷன்லயும் மனசு பேதலிச்சுத் திரிஞ்ச பொம்பளைங்க முப்பத்தொரு பேரு எங்ககிட்ட இருக்காங்க. ஜெர்மனியில ஒரு பங்குக் கோயில்காரங்க அனுப்புற பணத்துலதான் அம்புட்டும் ஓடுச்சு. போன ஜூன்ல, வெளிநாட்டுப் பணம் வாங்குற லைசென்ஸப் புதுப்பிக்கலன்னு கடுதாசி வந்துச்சு. ஏன்னு ஒரு வரி கெடையாது. மதர் அழுதாங்க. இல்லத்த மூடி, இவங்கள மூணு ஜில்லாவுக்குப் பிரிச்சு அனுப்பணும்னு பேச்சு கெளம்புச்சு.

"பிரிக்கிறதா? இவளுக என்ன கோழிக்குஞ்சா?"ன்னு அக்கா கத்துச்சு. "ஜெர்மனிக்காரன் குடுக்கக்கூடாதுன்னா சரி, கெவர்மெண்டு குடுக்கட்டும். போய்க் கேப்போம்."

திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குற நாளு. ரெண்டு குட்டியானை வண்டி பிடிச்சு முப்பத்தொரு பேரையும் ஏத்தினோம். கூடவே ஒரு அண்டா சாம்பார் சாதம்.

"மனு குடுக்கப் போற எடத்துக்குச் சோறு எதுக்குக்கா?"ன்னேன்.

"பன்னெண்டரைக்குச் சோறு விழலன்னா நீ வெறும் வயித்துல மாத்திரை குடுத்துருவியாக்கும்?"

மாத்திரை டப்பாவையும் எடுத்து வச்சேன்.

டோக்கன் வாங்கி மரத்தடியில உக்காந்தோம். மணி பன்னெண்டரை ஆச்சு, எங்க நம்பரக் கூப்புடல. அக்கா தட்டப் போட்டுப் பரிமாறிருச்சு. அப்பத்தான், ஐயோ, நாங்க ரெண்டு பேருமே யோசிக்காத ஒண்ணு நடந்துச்சு. எங்க பொம்பளைங்கள்ல மத்த நேரம் வாயே தொறக்காத செல்லக்கிளி, கண்ண மூடிச் சாப்பாட்டு ஜெபத்த ஆரம்பிச்சா. மத்தவங்களும் சேந்துக்கிட்டாங்க. "எங்களுக்கு உணவு தரும் ஜெர்மனி உபகாரிகளை ஆசீர்வதியும் ஆண்டவரே!" தெனமும் சொல்றதுதான். அன்னைக்குன்னு பாத்து அம்புட்டுச் சத்தம்.

ஒரு ஆபீசர் வேகமா வந்தாரு. "ஏம்மா, கவர்மெண்ட் ஆபீசுக்குள்ள வந்து வெளிநாட்டுக்காரனுக்கு ஜெபமா? யார் சொல்லிக் குடுத்தது?"

அக்கா கரண்டியோட எந்திரிச்சுச்சு.

"சோறு போட்டவனுக்குப் பண்றாங்க சார். நாளையிலருந்து நீங்க போடுங்க, உங்க பேரச் சொல்லச் சொல்றேன். உங்க பேரு என்ன சார்?"

மனு குடுக்க வந்த சனம் பூரா எங்களச் சுத்தி நிக்குது. அவரு பேரச் சொல்லல. "மனுவ வச்சுட்டுப் போங்க, பாக்குறோம்"னாரு.

"பாருங்க. அதுவரைக்கும் திங்கக்கெழமைக்குத் திங்கக்கெழமை இங்கதான் சாப்பாடு."

சொன்ன மாதிரியே போனோம். ரெண்டாவது வாரம் கேட்டுல தடுத்தாங்க. அக்கா ரோட்டோரத்துல எலையப் போட்டுச்சு. மூணாவது வாரம் அவங்களே உள்ள விட்டுட்டாங்க.

நாலாவது திங்கக்கெழமை ஒரு உத்தரவக் கையில குடுத்தாங்க. இல்லத்த மூட வேணாம், அரிசியும் பருப்பும் அரசாங்கமே குடுக்கும்னு இருந்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அக்கா மட்டும் எழுத்துக்கூட்டிக் கடைசி வரி வரைக்கும் படிச்சுச்சு. ஆறு மாசத்துக்கு மட்டும்.

"ஏழாவது மாசம் இவளுகளுக்கு வயிறு இருக்காதாக்கும்?"னு கேட்டுச்சு.

டிரைவர் பக்கம் திரும்புச்சு. "ஏப்பா, அடுத்த திங்களுக்கும் ரெண்டு வண்டி."