முதல் தட்டு

தைரியநாதனுக்கு நாற்பத்தாறு வயது. ஏழு வருடமாகப் பள்ளிக்கூடத்தில்தான் மதியச் சாப்பாடு. அதுவும் பிள்ளைகளுக்கு முன்னால், முதல் தட்டு. ஊரில் அவனுக்கு டெஸ்டிங் ஆபீசர் என்று பெயர். "இன்னா ஆபீசர், இன்னிக்கி சாம்பாரா, புளிசாதமா?" என்று டீக்கடையில் யாராவது கேட்டால் அவனும் சிரித்து வைப்பான். சிரிக்காவிட்டால் இன்னும் நாலு கேள்வி வரும்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது அவன் ஊர். மனைவி இசபெல்லா அங்கே சத்துணவுக்கூடத்தில் சமையலர். எழுபத்துநாலு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிறவள்; கைப்பக்குவத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. ஏழு வருடத்துக்கு முன், எங்கோ ஓர் ஊரில் பள்ளிச் சாப்பாட்டில் பல்லி விழுந்து பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடப்பதை டிவியில் பார்த்தாள். நாமும்தான் பார்த்திருப்போம். ஐயோ பாவம் என்றுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்போம். அவளால் போக முடியவில்லை. மறுநாள் சாம்பாரை இறக்கியதும் கரண்டியால் துழாவினாள். ஒன்றும் இல்லை. மூடினாள். மூடுகிற நேரத்தில் ஏதாவது விழுந்திருந்தால்? திறந்தாள். இப்படி எத்தனை தடவை என்று அவளுக்கே தெரியாது.

கரும்புக் கொல்லையில் கிணற்று மோட்டாரைச் சரிசெய்துவிட்டு அந்த வழியாக வந்த தைரியநாதன், அவள் கண்கலங்கி நிற்பதைப் பார்த்தான். "குடு இப்டி. நான் துன்னு காட்றேன்" என்று உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிட்டான். அரை மணி நேரம் அவள் எதிரில் ஒன்றும் ஆகாமல் இருந்தான். அவள் முகம் தெளிந்தது. அங்கேதான் வினை பிடித்தது. பிரியமாகச் செய்ததால் அது தப்பென்று ஏழு வருடமாக யாருக்கும் தோன்றவில்லை.

அமைப்பாளர் மலர்விழி தினமும் ருசி பார்க்கிறவள்தான். அது இசபெல்லாவுக்குப் போதாது. "ஒரு வாய் துன்னா இன்னா தெரியும்?" என்பாள். முழுத் தட்டு வேண்டும், அரை மணி நேரம் வேண்டும், புருஷன் வேண்டும். பிள்ளைகள் சோற்றில் பங்கு வாங்குகிறோமே என்று அவனுக்குக் கூச்சம். வேலைக்குப் போகிற கொல்லைகளில் கத்திரிக்காய், முருங்கைக்கீரை என்று கேட்டு வாங்கிவந்து சமையலுக்குக் கொடுப்பான்.

பதினொன்றே முக்காலுக்குத் திரும்ப முடியாத வேலை எதையும் அவன் ஒப்புக்கொள்வதில்லை. சங்கராபுரமா, வேண்டாம். மூங்கில்துறைப்பட்டா, வேண்டாம். மலைமேல் வேலை என்றால் பேச்சே இல்லை. சாப்பிட்ட பிறகு இருமக்கூடாது. கண்ணை மூடக்கூடாது.

"ஏங்க, தூங்காதீங்க. வயித்த இன்னா பண்ணுது?"

"ஒண்ணும் பண்ல."

"தல சுத்துதா?"

"இல்ல."

"நெஜமா?"

உயிரோடுதான் இருக்கிறேன் என்று தினமும் ஒருத்திக்கு நிரூபித்துக்கொண்டே இருந்தால் எந்த மனுஷனும் அலுத்துத்தான் போவான். வேளாங்கண்ணிக்கு நடந்து போனார்கள். தர்காவில் தாயத்து கட்டினார்கள். அவளும் சும்மா இருக்கவில்லை, பாவம். ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் முழங்காலிட்டு அழுதாள். திங்கட்கிழமை பழையபடி கரண்டியைப் பிடித்தாள்.

போன ஆகஸ்டில் அவனுக்குக் காய்ச்சல். அப்போதும் வந்து சாப்பிட்டான். சாப்பிட்டவன் சுவரில் சாய்ந்தபடி தன்னை அறியாமல் தூங்கிவிட்டான். அவ்வளவுதான். இசபெல்லா அலறிய அலறலில் வகுப்புகள் காலியாயின. அவன் எழுந்து நிற்பதற்குள் அண்டா சாம்பாரை முழுக்கச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டாள். பிள்ளைகள் அன்றைக்கு வெறும் சோறும் முட்டையுமாகச் சாப்பிட்டார்கள், இரண்டு மணிக்கு.

மலர்விழி அவளைத் தனியே கூப்பிட்டாள். "யக்கா, இந்த வாட்டி நான் மேல எழுதல. இன்னொரு வாட்டி ஆச்சுன்னா என் கையில இல்ல, உன் வேல பூடும். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரில மனசுக்குப் பாக்குறாங்க. போய்ட்டு வா."

அங்கே டாக்டர் கலையரசி முக்கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்குப் பைத்தியமா, டாக்டர்?" என்றாள் இசபெல்லா.

"இல்லம்மா. இதுக்கு ஓசிடின்னு பேரு. மனசு ஒரு சந்தேகத்தக் கெளப்பும். நீங்க பாத்து உறுதி பண்ணுவீங்க, நிம்மதியா இருக்கும். அந்த நிம்மதியத் தின்னுட்டுதான் சந்தேகம் மறுநாள் இன்னும் கொழுத்து வருது. மாத்திரை தரேன். வேலை செய்ய ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகும், அவசரப்பட்டு நிறுத்தாதீங்க. ஒரு தடவை பாத்து மூடுறது உங்க டூட்டி. ரெண்டாவது தடவை தெறக்கச் சொல்றது நோய்."

பிறகு அவன் பக்கம் திரும்பினார். "நீங்க அங்க போய்ச் சாப்பிடறதக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தணும். ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றதையும் நிறுத்தணும். கேட்டா, தெரியாதுன்னு சொல்லுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் டாக்டர் சொன்னதே அவன் மனசில் ஓடியது. ஏழு வருடம் தூரத்து வேலைகளை விட்டு, கேலியைச் சகித்து, அந்த நோய்க்கா சோறு போட்டு வளர்த்தோம்? கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முதலில் அரைத் தட்டாக்கினார்கள். பிறகு ஒரு கரண்டி. அப்புறம் சாப்பிடாமல் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நிற்பது, அப்புறம் டீக்கடை. சொல்லும்போது நாலு வரி. நடந்தது நாலு மாதம். நடுவில் இரண்டு முறை பழையபடி முழுத் தட்டுக்கே போய் நின்றது. "புள்ளைங்களுக்கு ஒண்ணு ஆனா உங்குளுக்கு இன்னா, நீங்க நிம்மதியா டீ குடிச்சிக்கினு இருப்பீங்க" என்று ஒருநாள் வீட்டில் கத்தினாள். பிறகு அழுதாள். "ஒண்ணும் ஆவாதுன்னு ஒரே ஒரு வாட்டி சொல்லுங்களேன்."

"தெரியாது" என்றான் தைரியநாதன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

அவன் ஊரிலேயே இல்லாத முதல் நாள், கச்சிராயபாளையத்தில் ஒரு கடைத்திண்ணையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு முறை அடித்தது. எடுக்கவில்லை. பன் ஒன்றை டீயில் நனைத்துத் தின்றான். அவனுக்கும் மதியம் பசிக்கும் என்பது அன்று காலை இரண்டு பேருக்கும் நினைவில் இல்லை. சாயங்காலம் மலர்விழி சொன்னாள், "இருவது நிமிசம் லேட்டு. யக்கா அண்டாவையே சுத்திச் சுத்தி வந்துது. ஆனா போட்டுச்சு."

தை பிறந்து பத்து நாள் இருக்கும். கல்வராயன் மலைமேலிருந்து செல்லன் என்ற விவசாயி போன் செய்தார். போர்வெல் மோட்டார் நின்றுவிட்டதாம், போனால் நாள் முழுக்க ஆகும். வழக்கம்போல முடியாது என்று சொல்ல வாயெடுத்தவன் இசபெல்லாவைப் பார்த்தான். "போய்ட்டு வாங்க" என்றாள் அவள்.

மறுநாள் காலை அவன் கிளம்பும்போது டிபன் பாக்ஸோடு வந்தாள். எலுமிச்சை சாதம். ஒருமுறை பார்த்து மூடினாள். மூடியின்மேல் விரல்கள் அப்படியே நின்றன. அவன் பையைத் தோளில் மாட்டினான். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பாக்ஸை நீட்டினாள். கண்ணுக்கெட்டாத இடத்தில் அவன் தின்னப்போகிற சோறு.

மோட்டாரைக் குழியிலிருந்து உருவி எடுக்கவே பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. பலாமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டான். உப்பு கொஞ்சம் ஜாஸ்தி. சாப்பிட்டு முடித்ததும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. டவர் இல்லை.

"போன் பேசணும்னா அந்தப் பாறை மேல ஏறுங்க. அங்கதான் கெடைக்கும்" என்றார் செல்லன்.

பாதி வழி போய்விட்டான். துன்னுட்டேன், நல்லாத்தான் இருக்கேன் என்று ஒரு வார்த்தை. சொல்லாவிட்டால் அவள் தவித்துப்போவாளே. சொன்னால் நாளைக்கும் சொல்ல வேண்டும். திரும்பி இறங்கி வந்தான்.

"கெடைக்கலிங்களா?"

"வேணாங்க" என்றான்.

மரத்தடியில் பழக்கதோஷத்தில் முதுகை நிமிர்த்தி, கண்ணை அகல விழித்து உட்கார்ந்தான். தலை சுத்துதா, நெஜமா என்று கேட்க யாரும் இல்லை. துண்டை உதறி விரித்துப் படுத்தான். அரை மணி நேரம் கழித்துச் செல்லன் வந்து பார்த்தபோது வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எழுப்ப மனம் வராமல் அவர் திரும்பிப் போனார்.